ஜப்பானிய மொழி தெரியாமல் ஓயென்டான் விளையாட முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீட்டில் ஒரு பழைய நிண்டெண்டோ டிஎஸ் லைட் (இரண்டு திரை உள்ள கையடக்க விளையாட்டுக் கருவி) சும்மா கிடக்கிறது. ஜப்பானில் மட்டும் வெளியான ‘ஓஸ்! தாதகாஎ! ஓயென்டான்’ என்ற, பாட்டின் தாளத்துக்குத் திரையில் தட்டும் ரிதம் விளையாட்டின் கேட்ரிட்ஜை (விளையாட்டு அடங்கிய சிறு அட்டையை) அதற்காக வரவழைக்கலாமா, இல்லை அதே பாணியில் ஆங்கிலத்தில் கிடைக்கும் ‘எலீட் பீட் ஏஜென்ட்ஸ்’ போதுமா? கருவியில் அது ஓடுமா, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது, பெட்டியோடுதான் வாங்க வேண்டுமா? கடைசி வரியில் போகிற போக்கில் “எனக்கு ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது” என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். காசு போட்டு வாங்கிவிட்டு, பாதி புரியாமல் அலமாரியில் வைத்துவிடுவோமோ என்ற பயம். நான் பல வருடமாக டிஎஸ் கருவிகளைத் திறந்து பழுதுபார்ப்பவன், ஜப்பானிய ரிதம் விளையாட்டுகளைச் சேர்ப்பவனும்கூட. சுருக்கமான பதில்: வாங்குங்கள். மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்கள் கருவியின் டச் ஸ்கிரீனைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டிலும் எந்த நாட்டுக் கேட்ரிட்ஜ் என்ற பூட்டு கிடையாது. ஜப்பானில் விற்றதைச் சென்னையில் வாங்கிய கருவியில் செருகினாலும் ஓடும். பிறகு வந்த டிஎஸ்ஐ, 3டிஎஸ் இரண்டிலும் பூட்டு வந்தது உண்மைதான். ஆனால் அது டிஎஸ்ஐ வசதிகளைச் சேர்த்துச் செய்த விளையாட்டுகளுக்கும் 3டிஎஸ் விளையாட்டுகளுக்கும் மட்டும். ஓயென்டான் 2005 ஜூலை 28 அன்று வெளியான சாதாரண டிஎஸ் விளையாட்டு. ஆகவே அவற்றிலும் அது ஓடும். ஒரே ஒரு எச்சரிக்கை: யாராவது ஜப்பானிலிருந்து கருவியையும் சேர்த்து அனுப்பினால், கூட வரும் சார்ஜர் அந்த ஊரின் 100 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்தது. அதை நம் வீட்டுச் சுவரில் நேராகச் செருகிவிடாதீர்கள்.

இனி மொழி. ஓயென்டான் என்பது ஜப்பானியக் கல்லூரிகளில் இருக்கும் ஆண்கள் உற்சாகக் குழு. நீண்ட கறுப்புச் சீருடை, பெரிய முரசு, தொண்டை கிழியக் கத்தல் எல்லாம் உண்டு. விளையாட்டு மைதானத்தில் தங்கள் அணிக்காகக் கத்தும் அந்தக் குழுவை எடுத்து, ஊரில் யார் கஷ்டப்பட்டாலும் அவர்கள் முன்னால் போய் நிற்பவர்களாக மாற்றியதுதான் இந்த விளையாட்டின் கற்பனை. நுழைவுத் தேர்வில் தோற்றுவிட்டு மறுபடி படிக்கும் பையன், வீட்டுச் சத்தத்தில் படிக்க முடியாமல் தவிப்பான். ஒரு ராமென் (ஜப்பானிய நூடுல்ஸ்) கடைக்காரருக்குக் கடையில் கூட்டம் இல்லை. கிளியோபாத்ராகூட வருகிறாள், எடை குறைக்க! ஒவ்வொருவரும் வேறு வழியில்லாமல் “ஓயென்டான்!” என்று அலறுவார்கள். குழு எங்கிருந்தோ குதித்து வந்து ஆடத் தொடங்கும். கவனித்துப் பாருங்கள், குழு யாருக்காகவும் எந்த வேலையையும் செய்து கொடுப்பதில்லை. ஆடிக் கத்தி உற்சாகப்படுத்துவது மட்டும்தான். வேலையை அந்த ஆளே செய்து முடிக்க வேண்டும். இந்த நியாயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதையெல்லாம் சொல்வது வசனம் அல்ல, மேல் திரையில் ஓடும் மங்கா (ஜப்பானியப் படக்கதை) படங்கள். முகபாவம் பெரிதாக, வியர்வை பெரிதாக, அழுகை இன்னும் பெரிதாக இருக்கும். படத்தின் ஓரத்தில் எழுத்து உண்டு, ஆனால் அது இல்லாமலேயே கதை விளங்கும். கீழ்த்திரையில் நீங்கள் தாளம் தட்டுகிறீர்கள்: எண் போட்ட வட்டங்கள் தோன்றும், ஒவ்வொன்றையும் நோக்கி ஒரு வளையம் சுருங்கி வரும், அது வட்டத்தைத் தொடும்போது ஸ்டைலஸால் (கருவியோடு வரும் குச்சியால்) தட்ட வேண்டும். பாட்டு சில பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒரு பகுதி முடிந்ததும் இடைவெளியில், உங்கள் உயிர்க்கோடு (நன்றாகத் தட்டினால் ஏறி, தவறினால் இறங்கும் அளவுகோல்) எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மேலே நல்ல காட்சியோ கெட்ட காட்சியோ வரும். வட்டக்குறி வந்தால் ஜெயித்தீர்கள், பெருக்கல்குறி வந்தால் சறுக்கினீர்கள். ஜப்பானில் சரிக்கு வட்டம் போடுவார்கள் என்பது ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். எத்தனை வட்டம் வாங்கினீர்களோ அதற்கேற்பக் கடைசிக் காட்சியும் மாறும். நீங்கள் இழப்பது சில நகைச்சுவை வரிகளையும் சுவரொட்டியில், கடைப்பலகையில் இருக்கும் கிண்டல்களையும்தான். இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன், சின்ன இழப்பு.

மெனுவும் அப்படியே. பட்டன்கள் பெரிது, வரிசை எப்போதும் ஒன்று. நான்கு கடினநிலைகள் உண்டு. முதல் இரண்டும் ஆரம்பத்திலேயே திறந்திருக்கும், பிறகு ஒன்றை முடித்தால் அடுத்தது திறக்கும். ஒரே இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும்: சேமித்ததை அழிக்கவா என்று கேட்கும் இடம். அங்கே ‘ஆம்’ என்பது இரண்டு எழுத்து, ‘இல்லை’ என்பது மூன்று எழுத்து. எதைக் கேட்கிறது என்று புரியாவிட்டால் மூன்றெழுத்துப் பட்டனைத் தொடுங்கள், எதுவும் கெடாது. இல்லையென்றால் மொபைல் கேமராவை மேலே பிடித்து மொழிபெயர்த்துப் பார்க்கலாம், இந்தக் காலத்தில் அது ஒரு பிரச்சினையே இல்லை. பழைய கேட்ரிட்ஜ் வாங்கினால் முன்னாள் சொந்தக்காரர் திறந்து வைத்த நிலைகள் உள்ளேயே இருக்கும். டிஎஸ் கேட்ரிட்ஜில் சேமிப்புக்குப் பேட்டரி கிடையாது. ஆகவே பழைய கேம் பாய் கேட்ரிட்ஜ்கள் போல வருடம் ஆக ஆகச் சேமிப்பு செத்துப்போவதில்லை. யாரோ ஒரு ஜப்பானியப் பிள்ளை கஷ்டப்பட்டுத் திறந்த கடைசி நிலை உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கலாம். ஆரம்பத்திலேயே அழித்துவிடாதீர்கள்.

பாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது அதுதான். மொத்தம் 15 பாட்டு. 1973-இல் வந்த லிண்டா யாமாமோட்டோவின் ‘நெராயிஉச்சி’யில் தொடங்கி, புளூ ஹார்ட்ஸ் குழுவின் ‘லிண்டா லிண்டா’ வழியாக, ஏஷியன் குங்-ஃபூ ஜெனரேஷன், ஆரஞ்ச் ரேஞ்ச் போன்ற அப்போதைய இளைஞர் குழுக்கள் வரை ஒரு ஜப்பானிய வானொலி நாள் முழுக்கப் போடக்கூடிய கலவை. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ முதல் அனிமே தொடரைப் பார்த்தவர் என்றால் லார்க்-ஆன்-சியலின் ‘ரெடி ஸ்டெடி கோ’ உங்களுக்குத் தெரியும். அதுதான் கடைசிப் பாட்டு, பூமியை நோக்கி விண்கல் வரும் கட்டம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற வேண்டாம். இவை மூலப் பதிவுகள் அல்ல. விளையாட்டுக்காக வேறு பாடகர்கள் பாடிய பதிவுகள். சில பாட்டில் வித்தியாசம் தெரியாது. சிலவற்றில், மூலத்தை நன்றாகக் கேட்டவருக்கு, நன்றாகவே தெரியும்.

மொழி தெரியாதவருக்கும் இந்தப் பாட்டுகள் ஏன் கைக்கு வசமாகின்றன என்பதற்கு என்னிடம் ஒரு கணிப்பு உண்டு. இது உறுதியான தகவல் அல்ல, விளையாடி விளையாடித் தோன்றியது. ஜப்பானியப் பாடலில் பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம் என்று சொற்கள் சம அளவில் விழும். விளையாட்டின் வட்டங்கள் சில வரிகளில் முரசைப் பின்தொடரும், சில வரிகளில் பாடகரின் அசைகளைப் பின்தொடரும். பாடகரைப் பின்தொடரும் வரிகளில் அர்த்தம் தெரியாவிட்டாலும் அடுத்த தட்டு எங்கே விழும் என்று காது ஊகித்துவிடுகிறது. ஆங்கிலப் பாட்டில் அசைகள் நீண்டும் சுருங்கியும் இழுபடுவதால், எலீட் பீட் ஏஜென்ட்ஸில் எனக்கு அந்த ஊகம் அடிக்கடி தவறும். சிலர் இதற்கு நேர் எதிராகச் சொல்வார்கள், தெரிந்த பாட்டில் தட்டுவதுதான் எளிது என்று. அதுவும் நியாயம்தான்.

இந்த இடத்தில் ஒப்பீட்டை முடித்துவிடலாம். ஓயென்டான், அதன் இரண்டாம் பாகம், எலீட் பீட் ஏஜென்ட்ஸ் என மூன்றையும் செய்தது ஐநிஸ் என்ற ஜப்பானிய நிறுவனம்தான். வடிவமைப்பில் முக்கியமானவர் கெய்ச்சி யானோ. வெளியிட்டது நிண்டெண்டோ. ஜப்பானுக்கு வெளியே ரசிகர்கள் முதல் ஓயென்டானை இறக்குமதி செய்து விளையாடிய ஆர்வத்தைப் பார்த்த பிறகுதான் மேற்கத்திய வடிவம் உருவானது. அதை மொழிபெயர்ப்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 2006 நவம்பரில் அமெரிக்காவில் வந்த எலீட் பீட் ஏஜென்ட்ஸில் ஆட்கள் வேறு, கதைகள் வேறு, பாட்டுகள் முழுக்க வேறு. கறுப்புச் சீருடை மாணவர்களுக்குப் பதில் கோட்டு சூட்டு போட்ட ரகசிய ஏஜென்டுகள். ‘ஒய்எம்சிஏ’, ‘மெட்டீரியல் கேர்ள்’, ‘செப்டம்பர்’ மாதிரியான பாட்டுகள். விளையாட்டாகப் பார்த்தால் அதுதான் மெருகு ஏறியது. ஸ்டைலஸை வேகமாகச் சுற்ற வேண்டிய சுழல் வட்டங்கள் கொஞ்சம் இளகியிருக்கும், மறுபடி முயலும்போது அலுப்பு குறைவு. ஆனால் முதல் ஓயென்டானின் முரட்டு உற்சாகம் அதில் பாதிதான் இருக்கிறது என்பது என் கருத்து. ரகசிய ஏஜென்டுகள் ஆடுவது ஒரு ஜோக். மாணவர்கள் ஆடுவதில் ஜோக்கும் இருக்கிறது, உண்மையான ஆவேசமும் இருக்கிறது. இறந்த காதலன் ஒரு நாள் திரும்பி வந்து விடைபெறும் கட்டத்தில், ஹிதோமி யாயிதாவின் மெதுவான பாட்டுக்கு அதே குழு சத்தத்தை அடக்கிக்கொண்டு ஆடும். அங்கே எனக்கு ஒரு வரி வசனம்கூடத் தேவைப்படவில்லை. ஏஜென்ட்ஸிலும் இதற்கு இணையான கட்டம் ஒன்று உண்டு, அப்பாவை இழந்த சிறுமியின் கிறிஸ்துமஸ். அதுவும் நன்றாகவே இருக்கும்.

2007 மே மாதம் ஜப்பானில் மட்டும் வந்த இரண்டாம் ஓயென்டான் மெருகும் ஆவேசமும் சேர்ந்தது. பக்கத்து ஊரிலிருந்து நீலச் சீருடைப் போட்டிக் குழுவும் வருகிறது. நருட்டோ அனிமே பார்த்தவர்களுக்குத் தெரிந்த ஃப்ளோ குழுவின் ‘கோ!!!’ அதில் இருக்கிறது. ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால், விளையாட இரண்டாவதைச் சொல்வேன். கதையின் அறிமுகமும் சேகரிப்பும் முக்கியம் என்றால் முதலாவது. நீங்கள் கேட்டது முதலாவதைப் பற்றி, ஆகவே அதையே தொடர்கிறேன்.

‘வாங்கத்தான் வேண்டுமா, கடையில் தரவிறக்கம் கிடைக்காதா’ என்று அடுத்து கேட்பீர்கள். இந்தத் தொடர் மறுபடி டிஜிட்டலாக வரவில்லை. பதினைந்து பாட்டுக்கும் உரிமை மறுபடி வாங்க வேண்டும் என்பதும், இரண்டு திரையும் ஸ்டைலஸும் இல்லாமல் விளையாட்டே இல்லை என்பதும் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். மொபைலில் எமுலேட்டர் (டிஎஸ்ஸைப் போல நடிக்கும் செயலி) வைத்து விளையாடுவதைப் பற்றி ஒரே வாக்கியம்: தட்டுவதற்கும் ஒலிக்கும் நடுவில் வரும் சின்னத் தாமதம் மற்ற விளையாட்டில் தெரியாது, இதில் கொல்லும், ப்ளூடூத் ஹெட்போனும் சேர்ந்தால் அதோகதி. டிஎஸ்ஸில் சாதாரண ஹெட்போன் துளை இருக்கிறது, கம்பி உள்ள ஒன்றைச் செருகுங்கள். வாங்கும் முன் ருசி பார்க்க வேண்டுமானால் கணினியில் ‘ஓஸு!’ இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டீன் ஹெர்பர்ட் 2007-இல் இலவசமாக வெளியிட்டது, ஓயென்டானைப் பார்த்துச் செய்தது. எண் போட்ட வட்டம், சுருங்கும் வளையம், உருளும் பந்து, சுழல் எல்லாம் அப்படியே இருக்கும். கதை மட்டும் இருக்காது. அந்தத் தட்டல் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் கேட்ரிட்ஜுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

இப்போது நான் கவலைப்படச் சொன்ன டச் ஸ்கிரீனுக்கு வருகிறேன். டிஎஸ் திரை நம் மொபைல் திரை மாதிரி அல்ல. மேலே மெல்லிய படலம், கீழே கண்ணாடி, நடுவில் நூலிழை இடைவெளி. அழுத்தும் இடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்ளும்போது கருவி அந்த இடத்தைக் கணக்கிடுகிறது. ஓயென்டானில் வட்டத்தைத் தட்ட வேண்டும், சில குறிகளில் பந்தோடு சேர்ந்து ஸ்டைலஸை இழுக்க வேண்டும், பிறகு சுழல் வரும். அந்தச் சுழலில் நடுத்திரையில் ஸ்டைலஸை வெறித்தனமாகச் சுற்ற வேண்டும். முதல் ஓயென்டானின் சுழல்கள் மூன்று விளையாட்டிலும் கொடியவை என்று விளையாடிய பலரும் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான். திரையில் ஒரு மணல் துகள் இருந்தால் போதும், நிரந்தரமான வட்டக் கீறல் விழும். என்னிடம் பழுதுக்கு வரும் கருவிகளில் கீழ்த்திரையின் நடுவில் வளையம் வளையமாகக் கீறல் தெரிந்தால், முன்னால் வைத்திருந்தவர் இப்படிப்பட்ட விளையாட்டு ஏதோ ஆடியிருக்கிறார் என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

உங்கள் டிஎஸ் லைட்டைச் சோதிக்க எந்த விளையாட்டும் வேண்டாம். கருவியிலேயே பிக்டோசாட் என்ற வரைந்து அனுப்பும் செயலி இருக்கிறது. ஏதாவது ஓர் அறையில் நுழைந்து, எழுதும் கட்டத்தில் மெதுவாக வட்டங்களும் குறுக்குக் கோடுகளும் போட்டுப் பாருங்கள். கோடு அறுந்து அறுந்து வந்தால் படலம் தேய்ந்துவிட்டது அல்லது அழுக்கு புகுந்திருக்கிறது. கோடு நன்றாக வருகிறது, ஆனால் ஸ்டைலஸ் முனையிலிருந்து தள்ளி விழுகிறது என்றால் பயப்படத் தேவையில்லை. அமைப்புகளில் திரையைச் சரிசெய்யும் பகுதிக்குப் போய், அது காட்டும் புள்ளிகளை நிதானமாகத் தொட்டால் சரியாகிவிடும். பிக்டோசாட்டின் கட்டம் திரை முழுவதையும் மூடாது. அதனால் மற்ற இடங்களை வேறு ஏதாவது டச் விளையாட்டில் சோதித்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டும் என்றே வந்தால், டச் படலம் தனியாகக் கிடைக்கிறது. ஆனால் டிஎஸ் லைட்டைத் திறக்க மூன்று முனை நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். படலத்தின் இணைப்பு நாடா மிக மெல்லியது. பழைய படலம் கீழ்த்திரையோடு ஒட்டியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் திரையையே உடைத்துக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன். கடையில் கொடுத்துவிடுங்கள். சந்தையில் வரும் மாற்றுப் படலங்களின் தரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலவற்றில் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும், வேகமான வரிகளில் அது தெரியும்.

திரை நன்றாக இருந்தால் ஒரு மெல்லிய பாதுகாப்புத் தாளை ஒட்டிவிட்டுத்தான் ஓயென்டானைத் தொட வேண்டும். வழவழப்பான தாள் சுழலுக்கு நல்லது. சொரசொரப்பானது ஸ்டைலஸைப் பிடித்து இழுக்கும். கீறல் விழுந்தால் தாளை மாற்றிக்கொள்ளலாம், படலத்தை அப்படி மாற்ற முடியாது. ஸ்டைலஸ் டிஎஸ் லைட்டோடு வந்ததே போதும். முதல் டிஎஸ்ஸோடு வந்த குச்சியைவிட அது நீளமும் தடிமனும் கூடியது, கை வலிக்காது. பெரிய திரை வேண்டும் என்று டிஎஸ்ஐ எக்ஸ்எல் வாங்க நினைப்பவர்களுக்கு: படத்தின் புள்ளிகள் அதே 256-க்கு 192தான், 4.2 அங்குலத்துக்கு நீட்டியிருப்பார்கள். வட்டம் பெரிதாகத் தெரியும், ஆனால் கை ஓட வேண்டிய தூரமும் கூடும். கண்ணுக்குச் சுகம், கடைசி நிலைக்குத் தொல்லை. 3டிஎஸ்ஸில் படம் 320-க்கு 240 ஆக நீளும்போது மங்கலாகிறது. விளையாட்டைத் தொடங்கும்போது ஸ்டார்ட் அல்லது செலக்ட் பட்டனை அழுத்திக்கொண்டே திறந்தால் மூல அளவில் தெளிவாக வரும். டிஎஸ் லைட் கையில் இருக்கும்போது இதெல்லாம் உங்களுக்குத் தேவையே இல்லை.

எங்கே வாங்குவது? இந்தக் கேட்ரிட்ஜ் ஜப்பானில் அரிய பொருள் அல்ல. புக் ஆஃப், ஹார்ட் ஆஃப் மாதிரியான பழைய பொருள் கடைகளில் டிஎஸ் அலமாரியில் சாதாரணமாகக் கிடக்கும். டோக்கியோவின் அகிஹாபாரா பகுதியில் இருக்கும் பெயர் பெற்ற ரெட்ரோ (பழைய விளையாட்டு) கடைகளில் அதே பொருள் சுற்றுலாப் பயணி விலைக்குப் போகும். அங்கே போகும் நண்பர் இருந்தால், புறநகர்க் கடையில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து வரவழைப்பதென்றால் ஜப்பானிய ஏலத் தளங்களில் உங்களுக்காக வாங்கி அனுப்பும் இடைத்தரகர் சேவைகள் இருக்கின்றன. கேட்ரிட்ஜ் மட்டும் என்றால் தபால் செலவும் தரகுமே பொருளின் விலையைத் தொட்டுவிடலாம். அதனால் இரண்டு மூன்று விளையாட்டாகச் சேர்த்து அனுப்பச் சொல்வது புத்திசாலித்தனம். கேட்ரிட்ஜில் பேட்டரி இல்லாததால் விமானத் தபாலில் தொல்லை கிடையாது. கருவியை வரவழைத்தால்தான் லித்தியம் பேட்டரி விதிகள் குறுக்கே வரும். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியா என்றால் சுங்கவரி விழ வாய்ப்புண்டு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரின் குறிப்பில் மூன்று சொற்களை அடையாளம் கண்டுகொண்டால் போதும்: ‘சோஃப்டோ நோமி’ என்றால் கேட்ரிட்ஜ் மட்டும், ‘தோசா காகுனின்சுமி’ என்றால் ஓடுகிறதா என்று பார்த்தாகிவிட்டது, ‘ஜங்க்’ என்றால் உங்கள் பாடு உங்கள் தலைவிதி. ஜங்க் என்று போட்டதில் பெரும்பாலானவை முனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் ஓடும். ஆனால் ‘ஓடவில்லை’ என்று திருப்பிக் கொடுக்க முடியாது.

போலி விஷயத்தில் அவ்வளவு பதற்றம் வேண்டாம். போலி கேட்ரிட்ஜ் செய்பவர்கள் உலகம் முழுக்க விலை ஏறிய போகிமான் மாதிரியானவற்றைத்தான் முதலில் குறிவைப்பார்கள். ஜப்பானிலேயே மலிவாகக் கிடைக்கும் ஒன்றைப் போலி செய்து என்ன லாபம்? ஆனால் ஜப்பானுக்கு வெளியே உள்ள விற்பனையாளரிடம், பெட்டியோடு, ‘புத்தம் புதிது’ என்று கிடைத்தால் சந்தேகப்படுங்கள். அசலில் பின்பக்க பிளாஸ்டிக்கில் நிண்டெண்டோ பெயர் வார்ப்பிலேயே தெளிவாக இருக்கும், எழுத்து மழுங்கியிருக்காது. முன்பக்க ஒட்டியில் ‘என்டிஆர்’ என்று தொடங்கும் குறியீடு இருக்கும். கடைசி மூன்று எழுத்து ஜப்பானைக் குறிக்கும் ‘ஜேபிஎன்’ ஆக இருக்க வேண்டும். ஜப்பானிய ஒட்டியில் ‘யூஎஸ்ஏ’ என்று முடிந்தால் பேச்சே இல்லை, போலி. அச்சு மங்கலாக இருப்பது, ஒட்டி கோணலாக இருப்பது, முனைகளின் தங்க நிறம் வெளிறியிருப்பது இவை எல்லாம் சந்தேகம் எழுப்பும், தீர்ப்பு சொல்லாது. படத்தை மட்டும் பார்த்து இது அசல் என்று நானோ வேறு யாருமோ உறுதி கொடுக்க முடியாது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

பெட்டி வேண்டுமா என்பது உங்களைப் பொறுத்தது. விளையாட மட்டும் என்றால் வேண்டாம், கேட்ரிட்ஜ் மட்டும் வாங்கி மிச்சப் பணத்தில் இரண்டாம் பாகத்தையும் வாங்குங்கள். சேகரிப்பு என்றால், பெட்டியோடு கையேடும் இருக்க வேண்டும். கையேடு இல்லாத பெட்டியைப் பிற்காலத்தில் முழுமையாக்குவது அலுப்பான வேலை. உறை முதுகு வெயிலில் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள், முன்பக்கப் படத்தில் அது தெரியாது. உறை பிரிக்காத பிரதிக்கு அதிக விலை கொடுக்காதீர்கள், ஏனென்றால் நீங்கள் விளையாடப் போகிறீர்கள். கிழித்த மறுநிமிடம் அது சாதாரணப் பிரதிதான்.

கேட்ரிட்ஜ் வந்த பிறகு மேலிருந்து இரண்டாவது நிலையில் தொடங்குங்கள். முதல் நிலையில் வட்டங்கள் மிகக் குறைவு, பாட்டோடு ஒட்டாமல் தூக்கம் வரும். தாளம் தப்புகிறது என்றால் வளையத்தைப் பார்த்துத் தட்டுகிறீர்கள் என்று அர்த்தம். வட்டம் எங்கே தட்ட வேண்டும் என்பதைச் சொல்லும், வளையம் எப்போது என்பதைத் தோராயமாகக் காட்டும், சரியான நொடியைக் காதுதான் சொல்ல வேண்டும். மிருதங்கமோ கஞ்சிராவோ கொஞ்சம் பழகியிருந்தால் இந்த இடத்தில் உங்களுக்கு அது கைகொடுக்கும். ஒரே நிறத்தில் வரும் வட்டக் கூட்டம் முழுவதையும் 300 மதிப்பெண்ணோடு தட்டினால் உயிர்க்கோடு நன்றாக ஏறும். ஆகவே திணறும் வேளையில் எல்லாவற்றையும் துரத்தாமல் ஒரு கூட்டத்தைச் சுத்தமாக முடிக்கப் பாருங்கள். சுழலில் பெரிய வட்டம் போடாதீர்கள், திரையின் நடுவில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குள் மணிக்கட்டை மட்டும் சுழற்றுங்கள். அழுத்தம் கூடக் கூட வேகம் குறையும், தாளும் தேயும். மூன்றாம் நிலையில் பலரும் நிற்கும் இடம் கடைசி இரண்டு மூன்று பாட்டுகள்தான். அங்கே மாட்டிக்கொண்டால் உங்கள் திரையை மறுபடி ஒருமுறை சரிசெய்துவிட்டு முயலுங்கள்; தட்டல் இரண்டு மூன்று புள்ளி தள்ளி விழுந்தாலே ஓரத்து வட்டங்கள் நழுவும். அதற்கு மேலே உள்ள கடைசி நிலையில் மாணவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், சியர்லீடர் பெண்கள் வந்து ஆடுவார்கள். அதற்குள் முதல் பாதுகாப்புத் தாள் தேய்ந்திருக்கும். வாங்கும்போதே இரண்டாக வாங்கி வையுங்கள்.